நடுவானத்தில் ஊற்றுவதும் அரியலூரில் ஊற்றியதும்

என் வேலை என்ன என்று கேட்கிறவர்களிடம் பெரும்பாலும் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கிறவர் என்று தோன்றினால் மட்டும் உட்காரவைத்துச் சொல்வேன். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு ராக்கெட் எரிபொருள் ஊற்றுவது எப்படி என்று கணக்குப் போடுகிற வேலை. அந்த எரிபொருள் பெட்ரோல் டீசல் மாதிரி இல்லை. திரவ ஆக்சிஜன், திரவ மீத்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கட்டியை வைத்தால் ஐஸ் கட்டிதான் அடுப்பு. கொஞ்சம் சூடு பட்டாலும் கொதித்து ஆவியாகிப் போய்விடும். மேலே வெயிலுக்கா பஞ்சம்? தொட்டியில் எத்தனை நாள் தாங்கும், ஊற்றும்போது எவ்வளவு வீணாகும், கடைசியில் எவ்வளவு மிஞ்சும், இதைச் சொல்வதுதான் என் பங்கு. ஒன்பது வருஷமாக இதே பிழைப்பு. முதல் ஆறு வருஷம் பெங்களூரில். அப்புறம் குன்னத்துக்குப் பக்கத்தில் புகுந்த வீட்டு மாடியறையில், சோளக்காட்டைப் பார்த்த ஜன்னலோரம்.

என் கணவருக்கும் குளிர்தான் பிழைப்பு. அவர் கால்நடை ஆய்வாளர். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் வேலையில் பாதி. காளையின் விந்தை மெல்லிய குச்சிகளில் அடைத்து உறையவைத்து, திரவ நைட்ரஜன் ஊற்றிய கேனுக்குள் முக்கி வைத்திருப்பார்கள். நைட்ரஜன் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது வற்றிப்போனால் உள்ளே இருக்கும் அத்தனை கன்றுக்குட்டியும் போச்சு. கீழப்பழுவூரில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, நான் என் வேலையைச் சொன்னதும் வந்த சனம் முழுக்கப் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் ஒருத்தர்தான் நிமிர்ந்து, "ஒரு நாளைக்கு எவ்வளவு ஆவியாவும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

அவரிடம் ஒரு மர ஸ்கேல் இருந்தது. கேன் மூடியைத் திறந்து, ஸ்கேலை அடி வரைக்கும் விட்டு, பத்து எண்ணி, வெளியே எடுத்துக் காற்றில் ரெண்டு ஆட்டு ஆட்டுவார். நைட்ரஜனில் முங்கின அளவுக்கு வெள்ளையாகப் பனி பூக்கும். பூத்த உயரம்தான் இருப்பு. முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. மேலே எங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. எடை இல்லாத இடத்தில் திரவம் அடியில் நிற்காது. சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் உருண்டுகொண்டிருக்கும், ஆவி எது திரவம் எது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால்தான் கணக்கு.

ஆனால் பொறாமை வந்தால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "என்னங்க இது, வாரா வாரம் குச்சிய விட்டு ஆட்டிக்கிட்டு. தெறக்கத் தெறக்க நைட்ரஜன் வீணாவுது. நான் எக்செல் ஷீட் போட்டுத் தரேன்" என்றேன். போட்டுத் தந்தேன். கேன் கம்பெனிக்காரன் சொன்ன ஆவியாகும் அளவு, வெளி வெப்பம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறார், ஒவ்வொரு தடவைக்கும் எவ்வளவு போகும், எல்லாம் அதில் உண்டு. அவர் போனில் திறந்து பார்த்தால் இன்னும் எத்தனை நாள் என்று நம்பர் வரும். முதல் மூன்று மாசம் ஸ்கேலையும் விட்டுப் பார்த்தார். என் நம்பரும் பனியும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின. அப்புறம் ஸ்கேல் பீரோ மேலே போய்விட்டது. எனக்கு அதில் இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. ஆபீஸில் யாராவது பாராட்டினால்கூட அப்படி இருந்ததில்லை.

போன சித்திரையில் அவருடைய கால்நடைக் கிளை நிலையத்துக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். வேலை முடிகிறவரை பெரிய கேன் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தது. ஜன்னலைச் சாத்தவே கூடாது, நைட்ரஜன் ஆவி நிறைந்தால் மூச்சுக்குக் காற்று இருக்காது என்று நான் வீட்டில் அத்தனை பேரையும் மிரட்டி வைத்தேன். அத்தை, அதாவது என் மாமியார், தலையாட்டிவிட்டு, தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். கோணிச் சாக்கைத் தண்ணீரில் முக்கிக் கேனைச் சுற்றிக் கட்டிவிட்டார். தண்ணிப் பானைக்கும் மோர்ப் பானைக்கும் செய்கிற உபசாரம்தான். "பாவம், என்னா வெயிலு. உள்ள இருக்கறது கன்னுக்குட்டிங்கதான" என்றார்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மனசுக்குள் கணக்குப் போட்டேன். கேனுக்கு இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். வெளிச்சுவரில் ஈரச் சாக்கு சுற்றுவதால் பெரிய லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அத்தையின் ஆசையைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். இவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து அத்தை கீழேயிருந்து குரல் கொடுத்தார். "இங்க வந்து பாரேன், நேத்து நனைச்ச சாக்கு இன்னும் ஈரமா இருக்கு. கழுத்துகிட்ட அப்பளமாட்டம் வெறச்சிக்கிட்டு நிக்குது. எப்படிக் குளுந்திருக்கு பாரு." தன் சாக்கின் சாமர்த்தியத்தில் அவருக்கு அவ்வளவு பூரிப்பு. நான் மீட்டிங்கில் இருந்தேன். மேலே நாற்பது நாள் நிற்கப்போகும் ஒரு தொட்டியில் எவ்வளவு ஆவியாகும் என்று நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "சூப்பர் அத்தை" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இதை எழுதும்போதே என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. நல்ல கேனின் வெளிச்சுவர் குளிரவே கூடாது. வெளியே குளிர்கிறது என்றால் நடுவில் இருந்த வெற்றிடம் போய்விட்டது, உள்ளே இருப்பது கொதித்துக் காலியாகிறது என்று அர்த்தம். சாக்கு இல்லாமல் இருந்திருந்தால் கழுத்தில் வெள்ளையாகப் பனி பிடித்திருக்கும். இவர் கண்ணில் பட்டிருக்கும். சாக்கு அதை மூடிவிட்டது. அப்படியும் அந்தச் சாக்கே விறைத்துப்போய் நின்று சேதி சொன்னது. படித்தவள் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவர், "எதுக்கும் பெரம்பலூர் போயி நைட்ரஜன் ஊத்திக்கிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டார். நான் போனைக் காட்டினேன். பதினோரு நாள் என்று இருந்தது. "எதுக்கு வெட்டி அலைச்சல்" என்றேன். அடுத்த நாலு நாள் அவருக்குத் தடுப்பூசி முகாம். சினை ஊசிக்கு யாரும் கூப்பிடவில்லை. கேனை யாரும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல் ஒரு போன். பக்கத்து ஊர் அக்கா ஒருவர். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் காட்டில் வெங்காயம் அறுத்தவர்கள். அந்த அக்கா சொந்தமாக ஒரு மாடு கட்டி, பால் ஊற்றி, வீட்டை நிமிர்த்தியவர். அந்த ஒரு மாடுதான். தாய் மாடு பாம்பு கடித்துச் செத்தபோது பத்து நாள் கன்று அது. பீர் பாட்டிலில் பால் ஊற்றிப் புகட்டி வளர்த்திருக்கிறார். அந்த மாட்டுக்கு மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. பால் வற்றிவிட்டது. கறவை இல்லாத மாட்டுக்கு எத்தனை மாசம் தீவனம் போட முடியும்? "இந்தத் தடவையும் நிக்கலேன்னா ஏவாரிகிட்ட சொல்லிட்டேன் சார், வண்டி எடுத்துக்கிட்டு வந்துடுவாரு" என்று ஏற்கனவே இவரிடம் சொல்லியிருந்தார். வியாபாரி வண்டியில் ஏறுகிற வற்றின மாடு எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"சார், ராத்திரியிலேர்ந்து கத்துது" என்றார் போனில். மாடு பருவத்துக்கு வந்தால் கத்தும். அன்று சாயங்காலத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். தப்பினால் இன்னும் மூன்று வாரம். வியாபாரி மூன்று வாரம் காத்திருக்க மாட்டார், அந்த அக்காவாலும் முடியாது.

இவர் பின்கட்டுக்குப் போய்ச் சாக்கை விலக்கி மூடியைத் திறந்தார். நான் காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றேன். அந்த மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை பொங்கி வழிந்து தரையில் ஓடும். அன்று ஒன்றும் வரவில்லை. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கையை விட்டுக் குச்சிக் குடுவையைத் தூக்கினார். அது சாதாரணத் தகரம் மாதிரி கையில் இருந்தது.

"புகை வரல" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன். அவர் மூடியை மட்டும் மெதுவாகத் திருப்பிப் போட்டார்.

அத்தை பதறிப்போய், "என் சாக்காலயா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்ல அத்தை. உங்க சாக்கு சொல்லிச்சு. நான்தான் கேக்கல" என்றேன்.

பெரம்பலூருக்குப் போன் போட்டார். நைட்ரஜன் வண்டி மறுநாள்தான் வருமாம். அரியலூரில் இருந்தது. அவரிடம் ஊர் சுற்ற எடுத்துப்போகும் சின்னக் கேன் ஒன்று நல்ல நிலையில் இருந்தது, ஆனால் காலி. அதை எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினோம். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். "நீ எதுக்கு?" என்றார். "கேன யாரு புடிச்சிக்கறது?" என்றேன். உண்மையில் என்னால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். ரயில்வே கேட்டில் வேறு நின்றோம். வழி முழுக்க நான் என் நம்பரைப் பற்றியே புலம்பினேன். கம்பெனிக்காரன் அளவை நம்பினேன், கேனுக்கு வயசாகும் என்பதை எழுதவில்லை, ஸ்கேலைப் பீரோ மேலே ஏற்றினேன் என்று. அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நீ மட்டுமா? ஸ்கேல எடுத்து மேல வெச்சது என் கைதான. இப்ப அந்த லாரிய முந்தலாமா வேணாமா, அதச் சொல்லு" என்றார். எனக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

இருப்பு வைத்திருக்கும் இடத்தில் ஸ்டோர்காரர் அங்கிருந்த பெரிய கேனைச் சாய்த்து எங்கள் கேனில் ஒரு அரை டம்ளர் அளவு ஊற்றினார். கேன் உறுமியது. வாயிலிருந்து புகை சீறிக்கொண்டு வந்தது, சொட்டுக்கள் தரையில் தெறித்து உருண்டு ஓடி மறைந்தன. அவர் பெரிய கேனை நிமிர்த்திவிட்டு, "இருக்கட்டும். பசி அடங்கட்டும்" என்று சொல்லி டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒன்பது வருஷம் ஊற்றுவதைப் பற்றியே கணக்குப் போட்டவள், ஒரு குளிர்ந்த திரவத்தை ஒரு சூடான பாத்திரத்தில் ஊற்றுவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எங்கள் கணக்கில் அதற்கு ஒரு தனிப் பக்கமே உண்டு. வாங்கிக்கொள்ளும் தொட்டியும் குழாயும் சூடாக இருந்தால், முதலில் போகிறது எல்லாம் அதைக் குளிரவைக்கவே செலவாகும். மொத்தமாக ஊற்றினால் மொத்தமும் ஆவியாகி அழுத்தம் ஏறும். கீழே ஆவி தானாக மேலே வந்து வாய் வழியாகப் போகிறது. மேலே ஆவிக்கும் திரவத்துக்கும் மேல் கீழ் தெரியாது. ஆவியை வெளியே விடத் திறந்தால் திரவமும் சேர்ந்து ஓடிவிடும். அதனால் வண்டியைச் சின்னதாக ஒரு தள்ளு தள்ளி, திரவத்தை ஒரு பக்கமாக ஒதுங்கவைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். இத்தனையும் என் திரையில் நீலம் சிவப்பாக மாறும் கோடுகள். இங்கே அது உறுமியது, சிலிர்த்தது, மெல்ல மெல்ல அடங்கியது. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்தில் சந்தோஷப்படலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

"என்னா, சிரிக்கிற?" என்றார் இவர்.

"பசி அடங்கிடுச்சு. ஊத்தச் சொல்லுங்க" என்றேன். ஸ்டோர்காரர் வந்து காதைக் கேன் பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மேடத்துக்குத் தெரியுது" என்று சொல்லி நிரப்பினார். அவர்கள் இருப்பிலிருந்தே பத்துக் குச்சிகள் தந்தார்கள். ஒரு கேனிலிருந்து இன்னொரு கேனுக்குக் குச்சி மாறும் அந்த ரெண்டு நொடிக்கு என் கணவர் மூச்சு விடவில்லை. காற்றில் கூடுதலாக நின்றால் குச்சி கெட்டுவிடும். பீரோவில் வேட்டியைத் தேட அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் மனிதரா இது என்று பார்த்தேன்.

திரும்பும்போது காரில் ஏசி போட விடவில்லை நான். நாலு ஜன்னலும் திறந்து, கேனை மடிக்கு முன்னால் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு, மத்தியான வெயிலையும் சிமென்ட் தூசியையும் வாங்கிக்கொண்டு வந்தோம். "மூச்சு முட்டிச் சாவறதுக்கு வெயில்ல வேவலாம்" என்றேன். "இந்த அலைச்சலே வேணாம்னுதான் ஷீட் போட்ட" என்றார்.

மூன்று மணிக்கு அந்த அக்கா வீட்டுக் கொட்டகையில் இறங்கினோம். செவலை மாடு. கத்திக் கத்தித் தொண்டை கம்மியிருந்தது. இவர் குச்சியை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, துடைத்து, ஊசியில் ஏற்றிக் காரியத்தை முடித்தார். அந்த அக்கா மாட்டின் திமிலைத் தடவிக்கொண்டே, "காலையிலேயே வருவீங்கன்னு பாத்தேன் சார்" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "என் தப்புக்கா. கேன்ல எவ்வளவு இருக்குன்னு நான்தான் கணக்குப் போட்டுக் குடுத்தேன். தப்பாப் போச்சு. உள்ள இருந்ததெல்லாம் வீணாப் போச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க என்னா வேலை பாக்கறீங்க?"

தப்பிக்கும் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். நடுவானத்தில் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு ஊற்றுவது என்று.

"கீழயே ரொப்பிக்கிட்டுப் போனா என்னா?"

"மேல ஏறறதுக்குள்ளயே அத்தனையும் குடிச்சிடும்க்கா. அதுக்கு மேல தூரமாப் போவணும்னா அங்க ஊத்தித்தான் ஆவணும்."

"அங்கயும் கணக்குதானா? தெறந்து பாக்க முடியாதா?"

"முடியாது."

அவர் மாட்டின் கயிற்றைத் தளர்த்திக் கட்டினார். அப்புறம், "நான் தெனம் பக்கத்துல நின்னு பாத்துமே மூணு தடவை நேரத்தக் கோட்டை விட்டேன். அப்பப் பால் இருந்துச்சு, சொசைட்டிக்கு ஊத்திட்டு அப்படியே காட்டு வேலைக்குப் போயிடுவேன், இது கத்தறது காதுல வுழாது. சாயங்காலம் வந்துதான் போன் போடுவேன். சார்கிட்ட அதச் சொல்லல" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு கை கழுவினார். எங்கள் மூவரில் யாருக்கும் யாரையும் திட்டத் தெம்பு இல்லை.

சினை நிற்காவிட்டால் இருபத்தொரு நாளில் மாடு மறுபடி பருவத்துக்கு வரும். இருபதாம் நாள் என் கணவரின் போன் அடித்தபோதெல்லாம் நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். ஒரு தடவை பால்காரர், ஒரு தடவை லோன் வேணுமா என்று ஒரு பெண். இருபத்தொன்று போனது, இருபத்துமூன்று போனது. "கத்தலன்னா நல்லதுதானே?" என்று கேட்டேன். "நல்லதுதான். ஆனா கத்தாமயும் ஏமாத்தும். மூணு மாசம் ஆவட்டும், கைய வுட்டுப் பாத்துடலாம்" என்றார். மாடு கத்தவில்லை என்ற ஒரே நம்பிக்கையில் அந்த அக்கா கடனுக்குத் தீவனம் வாங்கிப் போட்டு, வியாபாரிக்குத் தவணை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று மாசத்தில் ஆபீஸ் மேலாளரைப் போனில் கூப்பிட்டு, நாற்பது நாள் தொட்டிக்கு நான் கொடுத்த நம்பரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். தொட்டியைச் சுற்றியிருக்கும் வெப்பத் தடுப்புக்கு, அதைச் செய்தவர்கள் சொன்ன அளவையே போட்டிருந்தேன், யாரும் அதை நிற்கவைத்து அளக்கவில்லை. "இத்தன நாள் இல்லாம இப்ப என்ன திடீர்னு?" என்று சலித்துக்கொண்டார். "எங்க வூட்ல ஒரு கேன் காலியாப் போச்சு சார்" என்றேன். ஒரு மாசம் தரையிலேயே நிறுத்தி அளந்தார்கள். நான் போட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆவியானது. பெரிய விபத்து ஒன்றும் தப்பவில்லை. நம்பரை மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மூன்று மாசம் முடிந்த வாரம், மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்திருந்த ஒரு காலையில், இவரோடு நானும் போனேன். அந்த அக்கா மாட்டைக் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்துக் கட்டியிருந்தார். ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. வியாபாரி அன்று மத்தியானம் இந்தப் பக்கம் வருகிறாராம், என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாராம்.

இவர் நீளக் கையுறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். மாடு காலை மாற்றி மாற்றி வைத்தது. நான் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். யாராவது எனக்கு ஒரு நம்பர் சொன்னால் தேவலை என்று இருந்தது. அவர் கையை மெல்ல வெளியே எடுத்து, கையுறையை உருவி, என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"சினைதான்க்கா. மூணு மாசம்."

"நெசமாவா சார்?"

"கையால தொட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்க்கா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மறைக்கவில்லை, துடைக்கவுமில்லை. அந்த அக்கா இடுப்பிலிருந்து போனை எடுத்து வியாபாரிக்கு அடித்தார். "அண்ணே, வண்டி வேணாம். ஆமா. இல்ல, வேணாம்" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். முகம் எங்களுக்குத் தெரியவில்லை. மாட்டின் முதுகில் அழுத்தி வைத்த ரெண்டு கை மட்டும் தெரிந்தது. அங்கிருந்தே குரல் வந்தது.

"போயிடாதீங்க. பக்கத்து வூட்ல பால் வாங்கியாரேன், டீ குடிச்சிட்டுப் போவலாம்."